வெள்ளகவி பாக்கி

நான் ஒரு காலத்துல பொருளாளரா இருந்தேன்னு சொன்னா தங்கமணி இன்னமும் நம்ப மாட்டேங்கிறா. பால் கணக்கே ஒழுங்கா எழுதத் தெரியாத ஆளு சங்கத்துக் கணக்கு எழுதினாரான்னு ஒரு சிரிப்பு. ஆனா நிஜம். 1998ல இருந்து 2000 வரைக்கும் எங்க சர்ச் வாலிபர் சங்கத்துக்கு அடியேன்தான் பொருளாளர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சங்கத்தோட மொத்த சொத்து ஒரு கேரம் போர்டு, தோல் தளர்ந்துபோன ஒரு டோலக், ஒரு ரசீது புத்தகம், பூட்டு போட்ட ஒரு தகர உண்டியல். உண்டியல் சாவி என் கையில. இது அந்த உண்டியல் கதை. மலை, கேம்ப், குளிருன்னு ஜாலியாத்தான் ஆரம்பிக்கும், நம்பி வாங்க.

வாலிபர் சங்கம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பதினெட்டு வயசுல இருந்து கல்யாணம் ஆகுற வரைக்கும் எங்க சர்ச்சுல எல்லாரும் வாலிபர். (சில அண்ணன்மார் ரெண்டு பிள்ளை பிறந்த பிறகும் வாலிபர்தான், அது வேற கதை.) ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடுகை, கிறிஸ்துமஸுக்கு கேரல் ரவுண்ட்ஸ், அசனத்துக்கு இலை போட்டுச் சாம்பார் வாளி தூக்குறது, மே மாசம் வி.பி.எஸ்.ல சின்னப் பிள்ளைகளை மேய்க்கிறது. வருஷத்துக்கு ஒருதடவை எங்கயாவது ஒரு ரிட்ரீட். வழக்கமா குற்றாலம், இல்லைன்னா மணப்பாடு கடற்கரை. காலையில தியானம், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் குளியல், ராத்திரி பஸ்ல தூக்கம்.

1999 பொங்கல் லீவுக்கு எங்க தலைவர் அண்ணன் ஒரு புது யோசனை சொன்னார். கொடைக்கானலுக்கு பஸ்ல போய், அங்க ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் காட்டு வழியா நடந்தே பெரியகுளத்துக்கு இறங்குறது. வட்டக்கானல், டால்பின் மூக்கு, வெள்ளகவி, கும்பக்கரை. "எல்லாரும் மலை ஏறுவாங்கல, நாம இறங்குவோம்" அப்படின்னார். அண்ணனுக்கு கரண்ட் ஆபீஸ்ல வேலை. போஸ்ட்ல ஏறி ஏறி உயரத்துல பயம் போன மனுசன். எங்களுக்கு அந்தப் பயம் இருந்தது. ஆனா இறங்குறதுதானே, அதுல என்ன கஷ்டம்னு எல்லாரும் தலையாட்டினோம். (இறங்கினவங்களுக்குத் தெரியும் முட்டி என்ன பாடுபடும்னு.)

கமிட்டியில முதல் வெட்டு பெண்பிள்ளைகளுக்கு விழுந்தது. "பொம்பளப் பிள்ளைகளை மலைக்கு அனுப்பிட்டு எவன் பதில் சொல்லுவான்"னு ஒரு மூப்பர் கேட்டார், அதோட முடிஞ்சது. சங்கத்துலயே நல்லா நடக்கக்கூடியவங்க அவங்கதான். மூணு தெரு தள்ளி அடிபம்புல இருந்து இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு குடம் தூக்கி நடந்த காலுங்க. அவங்களை விட்டுட்டு, பைக் இல்லாம டீக்கடைக்குப் போகாத பதினேழு ஆம்பளைங்க கிளம்பினோம்.

கூடாரம்னு சொன்னேன் இல்ல, அது பந்தல் கடையில வாடகைக்கு வாங்கின ரெண்டு தார்ப்பாய். வாடகை ஆளுக்கு நாலு ரூபாய் வந்தது, கணக்கு இருக்கு :-) நான் இந்தப் பயணத்துக்குன்னே வெள்ளைக் கலர்ல ஆக்‌ஷன் ஷூ வாங்கினேன். வாழ்க்கையில முதல் ஷூ. அதுவரைக்கும் ரப்பர் செருப்பும் சர்ச்சுக்கு ஒரு தோல் செருப்பும்தான். அந்த ஷூவை இங்க சொல்லக் காரணம் இருக்கு.

மாட்டுப்பொங்கல் அன்னைக்கு விடியக்காலை பஸ் ஏறி, மதுரையில மாறி, வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போதே பாதிப் பேருக்கு வாந்தி. வட்டக்கானல் பக்கம் அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட உருளைக்கிழங்குத் தோட்டத்துல தார்ப்பாயைக் கட்டினோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஜனவரிக் குளிரு ஆரம்பிச்சது பாருங்க... எங்க ஊர்ல மார்கழி மாசம் ஃபேனை ரெண்டுல வைப்போம், அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச குளிர். நெருப்புப் பக்கம் முகம் வேகுது, முதுகுல ஐஸ் வைச்ச மாதிரி. ஒருத்தன் அம்மாவோட சேலையைத் தலையில சுத்திக்கிட்டு உக்காந்திருந்தான். உப்புமா தட்டுல விழுந்த உடனே ஆறி, வெட்டி எடுக்கிற பதத்துக்கு வந்துடுச்சு.

ஆனா அந்த கேம்ப் ஃபயர் மாதிரி ஒண்ணு அப்புறம் எனக்கு வாய்க்கல. எங்க சங்கத்துல கிட்டார் வாசிக்கிறவன் ஒருத்தன் உண்டு, என் கிளாஸ்மேட், பக்கத்துத் தெரு. கிளம்பும்போது அவங்க அம்மா என் கையைப் பிடிச்சு "நீ போறேன்னுதாம்டே அவனை விடுதேன்"னு சொல்லித்தான் அனுப்பினாங்க. குளிருல விரல் மடங்கல அவனுக்கு. நெருப்புல கையைக் காட்டிக் காட்டி வாசிச்சான். எல்லாரும் பாடினோம். மேல பார்த்தா நட்சத்திரம் அவ்வளவு பக்கத்துல. யாரோ ஜெபம் பண்ண ஆரம்பிச்சு பாதியில அழுதான். எனக்கும் தொண்டை அடைச்சது. கடவுள் அங்கயே அந்த உருளைக்கிழங்குப் பாத்தியில எங்க கூட உக்காந்திருக்கார்னு தோணுச்சு. கிண்டல் பண்ணல, நிஜமாவே.

அப்புறம் அண்ணன் கொடைக்கானல் கதை சொன்னார். மதுரைப் பக்கம் ஊழியம் செய்ய வந்த அமெரிக்க மிஷனரிங்க காலராவுலயும் காய்ச்சல்லயும் குடும்பம் குடும்பமா செத்துப்போனாங்க. உயரமான இடத்துக்குப் போனா பிழைக்கலாம்னு முதல்ல திண்டுக்கல் பக்கம் சிறுமலையில வீடு கட்டிப் பார்த்தாங்க, அங்கயும் காய்ச்சல் விடல. அப்புறம்தான் 1845ல கொடைக்கானல்ல முதல் ரெண்டு வீடு. வத்தலகுண்டு வழி வண்டி ரோடு வந்ததெல்லாம் 1910களில். அதுக்கு முன்னால கிட்டத்தட்ட எழுபது வருஷம், பெரியகுளம் அடிவாரத்துல இருந்து செங்குத்தா ஏறுற பாதைதான். "அதே சரிவுலதான் நாளைக்கு நாம இறங்கப் போறோம். அவங்க பட்ட பாட்டை நெனச்சு நடங்க"ன்னார். எல்லாருக்கும் புல்லரிச்சது (குளிரும் ஒரு காரணம்). உடனே மிஷனரி ஊழியத்துக்குன்னு ஒரு காணிக்கை எடுத்தோம். பாக்கெட்ல இருந்ததை எல்லாரும் உண்டியல்ல போட்டாங்க. டார்ச் வெளிச்சத்துல நான் எண்ணினேன். 460 ரூபாய். ரசீது எழுதிப் பூட்டி, சாவியை பர்ஸுக்குள்ள வச்சேன்.

மறுநாள் காலையில ஆறரைக்கு நடை. டால்பின் மூக்குப் பாறையில நின்னு பார்த்தா கீழ மேகம், மேகத்துக்குக் கீழ பெரியகுளம் சமவெளி துண்டு துண்டா. அங்க எடுத்த போட்டோ இன்னும் இருக்கு, பதினேழு பேருக்கும் மூக்கு சிவந்து கிடக்கும். அங்க இருந்து சோலைக்காட்டுக்குள்ள இறங்குற பாதை. வேரு, பாறை, காஞ்ச இலை. ஒரு மணி நேரத்துல ஸ்வெட்டரைக் கழட்டினோம். ரெண்டாவது மணி நேரத்துல தொடை நடுங்க ஆரம்பிச்சது. எதிர்ல ரெண்டு குதிரையில மூட்டை ஏத்திக்கிட்டு ஒருத்தர் மேல ஏறி வந்தார், வெறுங்கால். நாங்க ஓரமா ஒதுங்கி மூச்சு வாங்கினோம். அவருக்கு மூச்சு வாங்கல.

பத்து மணி வாக்கில வெள்ளகவி. மலைச்சரிவுல நெருக்கி நெருக்கி வச்ச சின்ன ஊர். கொடைக்கானல் உண்டாகுறதுக்கு முன்னாலயே இருந்த ஊர். 1999ல ரோடு கிடையாது, 2012ல நான் மறுபடி போனப்பவும் கிடையாது. சாமான் எல்லாம் குதிரை முதுகுலயோ தலைச்சுமையாவோதான் வரணும். காப்பி, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் விளையும். ஊர் எல்லையில கோயில். அதைத் தாண்டி உள்ள யாரும் செருப்புப் போட மாட்டாங்க. ஊரே கோயில் மாதிரின்னு ஒரு கட்டுப்பாடு, தலைமுறை தலைமுறையா வர்றது. கோயில் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பையன் எழுந்து வந்து, "அண்ணே, ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கங்க"ன்னான். சாதாரணமாத்தான் சொன்னான்.

அண்ணன் குனிஞ்சு லேஸை அவுக்க ஆரம்பிச்சார். நான் நின்னேன்.

"அண்ணே, இது அவங்க சாமிக்குக் காட்டுற மரியாதை. நாம எப்படிக் கழட்டுறது?"

"ஒரு வீட்டுக்குள்ள போனா கழட்ட மாட்டியா? இது இவங்க வீடுன்னு நெனச்சுக்கோ."

"வீடுன்னா சரி. கோயில்னு சொல்றானே." நான் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ கதைக்குப் போயிட்டேன். தானியேல் புத்தகத்துல ராஜாவோட பொற்சிலையை வணங்க மாட்டோம்னு சொல்லி அக்கினிச் சூளைக்குள்ள போன மூணு பேர். அண்ணன் சிரிச்சுக்கிட்டே "மோசேயும் மலையிலதாம்லே செருப்பைக் கழட்டினாரு"ன்னார். "அது கர்த்தர் சொல்லிக் கழட்டினது, இவன் சொல்லி இல்ல"ன்னு நான். முந்தின ராத்திரி நெருப்புப் பக்கத்துல அழுத சூடு இன்னும் ஆறல எனக்கு. விசுவாசத்துக்கு ஒரு சோதனை வரும்னு காத்துக்கிட்டே இறங்கினேன்னு வைங்க, வந்துடுச்சுன்னு பிடிச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள இன்னொரு காரணமும் இருந்தது, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்ப ஒத்துக்கலாம்: புது ஷூ. அதைக் கழட்டி, கல்லுல வெறுங்காலோட நொண்டி நொண்டி ஊர்ப் பொம்பளைங்க முன்னாடி நடக்க எனக்கு வெட்கம்.

அண்ணன் அதிகம் வாதாடல. "இஷ்டம்போலச் செய்யுங்க. சுத்தி வர வழி உண்டா தம்பி?"ன்னு பையனைக் கேட்டார். "காப்பித் தோட்டத்துக்குக் கீழால போலாம். வழி சரியில்லண்ணே"ன்னான். பதினொரு பேர் ஷூவைக் கையில தூக்கிட்டு ஊருக்குள்ள போனாங்க. ஆறு பேர் என் கூட. கிட்டார்காரனுக்கு இதுல எந்த அபிப்ராயமும் கிடையாது. பாதி லேஸை அவுத்துட்டான். நான் திரும்பிப் பார்த்ததும் மறுபடி கட்டிட்டு என் பின்னால வந்தான்.

அந்தச் சரிவுல பாதைன்னு ஒண்ணு இல்ல. உண்ணிச்செடியும், காஞ்ச இலைக்குக் கீழ உருளுற கல்லும். ஒரு பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்குப் பின்னால சரசரன்னு சத்தம், அப்புறம் ஒரு மொத்து, அப்புறம் கிட்டார் பெட்டி தனியா உருண்டு போற சத்தம். திரும்பிப் பார்த்தா பதினஞ்சு அடி கீழ ஒரு காப்பிச் செடியைப் பிடிச்சுக்கிட்டு கிடக்கான். வலது பாதம் இருக்க வேண்டிய பக்கம் இல்ல. அவன் கத்தல. "ஏலே, காலு"ன்னு மட்டும் சொன்னான். ஆச்சரியமா சொன்ன மாதிரி இருந்தது.

முதல்ல வந்தது காப்பிப் பழம் பறிச்சுக்கிட்டு இருந்த ஒரு அம்மா. வயசு அறுபது இருக்கும். இடுப்புல கூடையோட அந்தச் சரிவுல ஓடி வந்தாங்க. பார்த்தாங்க. "கழட்ட மாட்டேன்னுட்டு இங்கிட்டு வந்தீகளாக்கும்"னாங்க. திட்டுற மாதிரி இல்ல, நக்கலும் இல்ல. மழை வந்துருச்சாக்கும்னு சொல்ற மாதிரி. அப்புறம் ஊரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாங்க. அந்தக் குரல் மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

அஞ்சாறு ஆம்பளைங்க வந்தாங்க. அதுல ஒரு பெரியவர் அவன் பக்கத்துல உக்காந்து, ஷூ லேஸை ஒவ்வொரு துளையா முழுசா உருவி எடுத்தார். இழுத்திருந்தா உயிர் போயிருக்கும் அவனுக்கு. ஷூவை ரெண்டா விரிச்சு, குழந்தைக் காலுல இருந்து சாக்ஸ் எடுக்கிற மாதிரி எடுத்தார். மூங்கிலைப் பிளந்து ரெண்டு பக்கமும் வச்சு, துண்டைக் கிழிச்சுக் கட்டினார். அப்புறம் ஒரு நீளக் கம்பும் கம்பளியும் வந்தது. டோலி. அவங்க அதுக்குன்னு ஓடித் தேடல, எடுத்து வச்சிருந்த இடத்துல இருந்து கொண்டு வந்தாங்க. பிரசவம்னாலும், பாம்பு கடிச்சாலும் அதே கம்பு, அதே கம்பளிதான்னு பின்னாடி சொன்னாங்க.

நல்ல பாதை ஊருக்குள்ள வழியாத்தான். டோலியைத் தூக்குறதுக்கு முன்னாடி பெரியவர் அவன் இடது கால் ஷூவையும் கழட்டினார். யாரும் எங்களை ஒண்ணும் சொல்லல. நாங்க அஞ்சு பேரும் உக்காந்து அவங்கவங்க ஷூவைக் கழட்டினோம். கையில பை, கிட்டார் பெட்டி எல்லாம் இருந்ததால அவன் ஷூவையும் என் ஷூவையும் லேஸால முடிச்சுப் போட்டு கழுத்துல தொங்க விட்டுக்கிட்டேன். ஊர் நடுவுல போகும்போது எங்க கூட்டத்துல ஒருத்தன் பார்த்துட்டு "என்னலே, செருப்பு மாலையா?"ன்னான். சொன்னவன் உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டான். திண்ணையில இருந்த ஒரு பாட்டி எல்லாருக்கும் சொம்புல கடுங்காப்பி கொடுத்தாங்க, அவங்களே இடிச்சது. வாங்கிக் குடிச்சோம்.

அங்க இருந்து கும்பக்கரை வரைக்கும் நாலு மணி நேரம். ஆறு பேர் மாத்தி மாத்தித் தூக்கினாங்க. ஒத்தையடிப் பாதை, ஒரு பக்கம் பள்ளம். முன்னால இருக்கிறவர் கம்பை உயர்த்திப் பிடிக்கணும், பின்னால இருக்கிறவர் தாழ்த்திப் பிடிக்கணும், அப்பத்தான் உள்ள இருக்கிறவன் தலைகீழாச் சரியாம இருப்பான். அவங்க பேசிக்கவே இல்ல, "கல்லு", "தாவு", "மாத்து" இவ்வளவுதான். நாங்க பின்னாடி ஊர் எல்லை தாண்டி ஷூ மாட்டிக்கிட்டு வழுக்கி வழுக்கி வந்தோம்.

பல வருஷம் கழிச்சு கொடைக்கானல் பழைய கதை எல்லாம் தேடிப் படிச்சேன். அண்ணன் கேம்ப் ஃபயர்ல சொல்லாத, அவருக்கே தெரியாத ஒரு விஷயம் அதுல இருந்தது. அந்தக் காலத்துல எல்லா மிஷனரியும் நடந்து ஏறல. கொஞ்சம் பேர் மட்டக்குதிரையில. பெண்கள், குழந்தைங்க, நோயாளிங்க எல்லாம் நாற்காலியில கம்பு கட்டி கூலியாட்கள் தோளுல. பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாமே தலைச்சுமை. வெள்ளைக்காரங்க அந்தப் பாதைக்கு வச்ச பேரே கூலி காட். அவங்க பட்ட பாட்டை நெனச்சு நடங்கன்னு அண்ணன் சொன்னாரே, அந்த 'அவங்க'வுக்குள்ள தூக்கினவங்களை நாங்க யாரும் சேர்க்கல.

கும்பக்கரையில அருவிக்கு மேல பாறையில டோலியை இறக்கினாங்க. ஒரு ஜீப் கிடைச்சது, பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு. அண்ணன் பெரியவரைத் தனியாக் கூப்பிட்டு எவ்வளவு கொடுக்கணும்னு கேட்டார். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் சொன்னார். இன்னைக்குப் பொழுது போச்சு, திரும்ப ஏறணும், ஆளுக்கு நூறு கொடுங்க. 600 ரூபாய். நியாயமான கூலி. அதிகம்னு யாரும் சொல்ல முடியாது.

எல்லார் பாக்கெட்டையும் கவிழ்த்தோம். ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்கினது போக 320 தேறிச்சு. முந்தின ராத்திரிதான் மிச்சம் மீதி எல்லாத்தையும் உண்டியல்ல போட்டுட்டோமே. அண்ணன் என்னைப் பார்த்தார். என் பையில இருந்த உண்டியலைப் பார்த்தார்.

"அது காணிக்கைண்ணே"ன்னேன்.

"தெரியும்லே."

"மிஷனரி ஊழியத்துக்குன்னு ஜெபம் பண்ணி எடுத்தது. வேற செலவுக்குத் தொடக்கூடாது."

அவர் தலைவர். குடுறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடுத்திருப்பேன். "நீதான் பொருளாளர்"னு மட்டும் சொன்னார். நான் பேசாம நின்னேன். பெரியவருக்கு எங்க பேச்சு புரிஞ்சிருக்கணும். "இருக்கதைக் குடுங்க தம்பி. மிச்சத்தை அடுத்த தடவ வர்றப்ப குடுங்க, மலை எங்கிட்டுப் போகப் போகுது"ன்னு சொல்லி 320ஐ எண்ணாம மடியில கட்டிக்கிட்டார். ஆறு பேரும் ஏற ஆரம்பிச்சாங்க. நான் டைரியில எழுதினேன்: வெள்ளகவி பாக்கி - 280.

கணுக்காலுல எலும்பு முறிவு. மாவுக்கட்டு. அவங்க அம்மாகிட்ட அவன் "நானாத்தாம்மா வழுக்கி விழுந்தேன்"னு சொன்னான். ஏன் அந்தப் பக்கம் போனோம்னு சொல்லவே இல்ல. அவங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா தேவலைன்னு இருந்தது எனக்கு. (பய இப்ப நல்லா நடக்கான். குளிர் வந்தா மட்டும் கணுக்கால் சொல்லிடுமாம்.)

அடுத்த மாசம் கமிட்டியில கணக்கு வாசிச்சேன். வரவு, செலவு, தார்ப்பாய் வாடகை, ஜீப். மிஷனரி காணிக்கை 460 அப்படியே இருக்குன்னு சொன்னதும் நம்ம மூப்பர் எழுந்து, இப்படி ஒரு நெருக்கடியிலயும் காணிக்கையைத் தொடாத பிள்ளைன்னு எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினார். கை தட்டினாங்க. அண்ணன் தட்டல, ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தார். 460 ரூபாய் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போச்சு, அழகா ரசீதும் வந்தது. 280 பத்தி யாரோ கேட்டாங்க. அதுதான் அடுத்த தடவைன்னு அவங்களே சொல்லிட்டாங்களேன்னு சொன்னது நான்தான்.

மணியார்டர் அனுப்பியிருக்கலாம். பெரியவர் பேரைக் கேட்கலைன்னு ஒரு சாக்கு. எந்த போஸ்ட் ஆபீஸ்னு தெரியாதுன்னு இன்னொரு சாக்கு. விசாரிச்சா ஒரு நாள் வேலை. 2001ல சென்னைக்கு வேலைக்கு வந்தேன், கல்யாணம், பிள்ளை. ஒவ்வொரு வருஷமும் புது டைரி முதல் பக்கத்துல அந்த வரியை மட்டும் எடுத்து எழுதுவேன். பழக்கமாப் போச்சு. தங்கமணி ஒருதடவை "வெள்ளகவி யாரு?"ன்னு சந்தேகமாக் கேட்டா :-)

2012 ஜனவரியில போனேன். தனியா, வட்டக்கானல்ல ஒரு வழிகாட்டியைப் பிடிச்சு. (இப்ப போற ஆசை வந்தவங்களுக்கு: 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு கட்டுப்பாடு அதிகம். வனத்துறை அனுமதி இல்லாம இறங்காதீங்க.) முட்டி முன்ன மாதிரி இல்ல, மத்தியானம் ஆயிடுச்சு. ஊர் எல்லையில யாரும் சொல்றதுக்கு முன்னாடியே ஷூவைக் கழட்டினேன். குளிர்ந்த கல்லு. ஒண்ணும் ஆகல.

கதையைச் சொல்லி விசாரிச்சேன். பெரியவர் இறந்து ஆறு வருஷம் ஆச்சு. அவர் மகன் இருந்தார், அன்னைக்குத் தூக்கின ஆறு பேருல ஒருத்தர். என்னை அடையாளம் தெரியல. நான் சொல்லச் சொல்ல முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தவர், "கிதாரு வச்சிருந்த தம்பியா? காலு கூடிருச்சா?"ன்னார். அதுதான் முதல் கேள்வி. கூடிருச்சுன்னேன். "அந்தத் தம்பி வழி பூரா எங்கப்பாகிட்ட மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டே வந்துச்சு. எதுக்குன்னு அவருக்குப் புரியல"ன்னார். எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். நாலு மணி நேரம் பின்னாலயே நடந்து வந்தவன், என் காதுல விழல.

பாக்கி விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்ல. ஐயாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டார். "ஆறு பேர் கூலி அது. மூணு பேர் இப்ப இல்ல. நான் ஒருத்தன் வாங்குனா எப்புடி?" நான் விடல. அவரும் விடல. கடைசியில உள்ள போய் ஒரு ரசீது புத்தகத்தை எடுத்துட்டு வந்தார். கோயில் திருவிழா வரி வசூல் நடந்துக்கிட்டு இருந்தது. "இதுல எழுதிக்கிறேன், ஆறு வீட்டுக்கும் பொது"ன்னார்.

பேனாவைத் திறந்து, "பேரு?"ன்னு கேட்டார்.

பதிமூணு வருஷத்துக்கு முந்தின பொருளாளர் எனக்குள்ள ஒரு தடவை முழிச்சுப் பார்த்தான். அப்புறம் சொன்னேன், என் பேரை இல்ல, அன்னைக்கு பாக்கி வச்சது யாரோ அவங்க பேரை. கிறிஸ்தவ வாலிபர் சங்கம்னு அவர் எழுத்துக் கூட்டி எழுதினார். ஊர் பேரும் போட்டார். கிழிச்சுக் கொடுத்தார். அந்தத் திண்ணையில அதே கடுங்காப்பி.

மேல ஏறி வந்து சிக்னல் கிடைச்ச உடனே அண்ணனுக்கு போன் பண்ணினேன். இப்ப அவர் ரிட்டயர் ஆகப்போற நேரம், சர்ச்சுல அவரே மூப்பர். முழுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்.

"ரசீது வாங்கினியாலே?"ன்னார்.

"வாங்கிட்டேண்ணே."

"பத்திரமா வை. ஆடிட்டுக்குக் கேப்பாங்க."